உதவியும் நிபந்தனையும்

வெளிநாட்டு உதவியை மனித உரிமை நிலைமையுடன் முடிச்சுப் போடலாமா என்ற கேள்வி எமது நாட்டிற்குப் புதியதன்று. 2003 ஜூனில் டோக்கியோவில் கூடிய உதவி வழங்கும் நாடுகள் வாக்களித்த 450 கோடி டொலர், சமாதான முயற்சியின் முன்னேற்றத்துடன் பிணைக்கப்பட்டிருந்தது. யுத்தம் மீண்டும் மூண்டதை அந்தப் பிணைப்பினால் தடுக்க முடியவில்லை.

ஆயினும், நிபந்தனையின் வலுவையும் வரம்பையும் அறிய ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையின் வரலாறே பொருத்தமானது. இது நன்கொடையோ கடனோ அல்ல. 27 சர்வதேச சமவாயங்களை ஏற்று நடைமுறைப்படுத்தும் வறிய நாடுகளின் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியம் தீர்வையின்றி அனுமதிக்கும் ஏற்பாடு. கடற்கோளின் பின்னர், 2005 ஜூலையில் இலங்கைக்கு இது கிடைத்தது.

2008 ஒக்டோபரில் ஒன்றியம் விசாரணையை ஆரம்பித்தபோது, அரசாங்கம் அதற்கு ஒத்துழைக்க மறுத்தது. சிவில் மற்றும் அரசியல் உரிமைகள், சித்திரவதை, சிறுவர் உரிமைகள் ஆகியன தொடர்பான மூன்று சமவாயங்கள் முறையாக அமுல்படுத்தப்படவில்லை என்பதே ஒரு வருடத்தின் பின் வெளிவந்த அறிக்கையின் முடிவு. 15 நிபந்தனைகளுக்கு எழுத்து மூலம் உடன்பட்டால் சலுகையை மேலும் ஆறு மாதங்கள் நீடிக்கலாம் எனக் கூறப்பட்டபோது, இறைமையில் தலையிடுவதாகச் சொல்லி அரசு அதனை நிராகரித்தது. 2010 ஓகஸ்ட் 15 இல் சலுகை நின்றது.

தண்டனையின் சுமை யார் மீது விழுந்தது? தீர்வையின்றிச் சென்ற ஆடைகளுக்கு 9.6 சதவீத வரி விதிக்கப்பட்டது. அதனால் அச்சமடைந்தவர்கள் முடிவெடுத்த அமைச்சர்களல்லர். கட்டுநாயக்கவிலும் பியகமவிலும் தையல் இயந்திரங்களின் முன் அமர்ந்திருந்த யுவதிகளே. யுத்தம் முடிந்த பின்னர் கிளிநொச்சியிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. சலுகை பறிபோனால் அரசுக்குப் பாடம் கிடைக்கும் என மகிழும் எம்மவர்கள், அங்கு வேலை செய்யும் பெண்களையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பறித்தபோது அசையாத அரசு, திரும்பப் பெற வேண்டியபோதே அசைந்தது. சர்வதேச ஆதரவை நாடிய புதிய அரசாங்கம் 2016 இல் வலிந்து காணாமலாக்கப்படுதலுக்கு எதிரான சமவாயத்தை ஏற்றது; காணாமற்போனோர் அலுவலகத்திற்கான சட்டத்தையும் நிறைவேற்றியது. பயங்கரவாதத் தடைச்சட்டத்தை நீக்குவதாகவும் வாக்களித்தது. 2017 மே 19 இல் சலுகை மீண்டது. வாக்குறுதி மட்டும் வாக்குறுதியாகவே இருந்தது.

அதன் விலையைப் பின்னர் செலுத்தியோரில் முஸ்லிம்கள் பலர். 1979 இல் கொண்டுவரப்பட்டு தமிழ் இளைஞர்களை ஆண்டுக்கணக்கில் சிறையில் வைத்த அதே சட்டத்தின் கீழ்தான், 2020 இல் சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லாவும் கவிஞர் அஹ்னாப் ஜஸீமும் கைதாகினர். சலுகையைத் தற்காலிகமாக நிறுத்துவது குறித்து ஆராயுமாறு 2021 ஜூன் 10 இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. டிசம்பரில் கவிஞருக்கும், அடுத்த பெப்ரவரியில் சட்டத்தரணிக்கும் பிணை கிடைத்தது. அழுத்தம் மட்டுமே காரணமெனச் சொல்வது மிகை. அழுத்தத்திற்குப் பங்கில்லை என்பதும் நம்பத்தக்கதன்று.

2022 மார்ச்சில் சட்டமும் திருத்தப்பட்டது. தடுப்புக்காவல் உத்தரவின் உச்ச காலம் 18 மாதங்களிலிருந்து 12 ஆகக் குறைந்தது. பயங்கரவாதக் குற்றங்களின் பரந்த வரைவிலக்கணம் தொடப்படவில்லை. உதவிப் பொலிஸ் அத்தியட்சரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றில் சான்றாக ஏற்கும் பிரிவும் அப்படியே விடப்பட்டது. பிரசல்ஸுக்குக் காட்டுவதற்கு அந்தத் திருத்தம் போதுமானதாயிருந்தது. தடுப்பறையில் இருப்பவருக்கோ மிகவும் அவசியமான மாற்றம் அந்தக் கடைசிப் பிரிவில்தான் இருந்தது.