வாட் கூடினால் வார்த்தை விளங்குமா?

"டீவியில் பேசுவது விளங்குதில்லை, வேறு ஹோம் தியேட்டர் செட் எடுப்போம்" என்ற பேச்சு இன்று பல வீடுகளில் எழுகின்றது. சீட்டுப் பணத்தை அவிழ்க்குமுன் குறை எங்கே இருக்கின்றது என்று ஆராய்வது நல்லதல்லவா?

கடையில் முதலில் காட்டப்படுவது வாட் கணக்கு. 50 வாட்டை 100 வாட் ஆக்கினால் சத்தம் இரட்டிப்பாகும் என்று எண்ணுகின்றோம். உண்மையில் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இருமடங்காகக் கேட்க ஏறத்தாழ 10 டெசிபல் கூடவேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை!

பேச்சு விளங்காமைக்குக் காரணம் பெரும்பாலும் சத்தக் குறைவன்று. ஐந்து ஒலிபெருக்கியும் ஒரு சப்வூஃபரும் கொண்ட 5.1 செட்டில் உரையாடலின் பெரும்பகுதி நடு ஒலிபெருக்கியிலிருந்தே வருகின்றது. அதை அலுமாரித் தட்டின் உள்ளே தள்ளி வைத்தால் சொற்கள் மங்கத்தான் செய்யும். வெறுஞ் சுவரும் டைல் தரையும் ஓசையைத் திருப்பியடித்து மேலும் குழப்பும்.

ஆகவே, நடுப்பெட்டியை முன்னே இழுத்து, காதை நோக்கித் திருப்பி வையுங்கள். அதன் அளவை மட்டும் சற்றுக் கூட்டுங்கள். கம்பளம் விரித்து, தடித்த திரைச்சீலை போடுங்கள். செலவு சொற்பமே.

புதிய டீவிக்குப் பழைய செட் பொருந்தாது என்பதும் எப்போதும் சரியன்று. இரண்டிலும் ஒப்டிக்கல் துவாரம் இருந்தால் பெரும்பாலும் அந்த ஒரே வயரில் 5.1 ஒலி செல்லும்.

இவ்வளவு செய்தும் எல்லோருக்கும் விளங்கவில்லையாயின் தாராளமாக மாற்றுங்கள். வீட்டில் மூத்தவர் ஒருவருக்கு மட்டும் விளங்கவில்லையாயின், போகவேண்டியது கடைக்கல்ல, காது வைத்தியரிடம்!