சிவப்பு மூக்கு மானும் ஏழைச் சிறுவனும்!
பொம்மைகள் சொல்லும் கிறிஸ்துமஸ் கதை

மூக்கு சிவப்பாக இருந்தால் என்ன? காது நீளமாக இருந்தால் என்ன? கையில் காசு இல்லாவிட்டால்தான் என்ன?

"உனக்கும் இங்கே இடம் உண்டு" என்று சொல்லுகின்றன மூன்று பொம்மைப் படங்கள்.

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் அமெரிக்காவில் பல வீடுகளில் இந்தப் படங்களின் பேச்சுதான். சிறு வயதில் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்து இவற்றைப் பார்த்தவர்கள் இப்போது பாட்டிகளாகவும் தாத்தாக்களாகவும் ஆகிவிட்டார்கள். பேரக் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் பார்க்கிறார்கள். எந்த இடத்தில் சிரிப்பு வரும், எந்த இடத்தில் அழுகை வரும் என்பது அவர்களுக்கு மனப்பாடம்!

பொம்மைகளுக்கு அப்படி என்ன சக்தி?

கேலிக்கு ஆளான மான்

முதல் படத்தின் கதாநாயகன் ஒரு பனிமான் குட்டி. அதன் பெயர் ருடால்ப்.

கிறிஸ்துமஸ் தாத்தா வானத்தில் சறுக்கு வண்டியில் வருவார். அந்த வண்டியைப் பனிமான்கள் இழுக்கும். இது மேல்நாட்டுக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த கதை.

ருடால்பின் மூக்கு மற்ற மான்களின் மூக்கைப்போல் இல்லை. விளக்குப்போல் சிவப்பாக எரியும்! பெற்ற தகப்பனே வெட்கப்பட்டு அதை மூடி மறைக்கிறது. மற்றக் குட்டிகள் கேலி செய்கின்றன. விளையாட்டிலும் சேர்ப்பது இல்லை. மனம் உடைந்த ருடால்ப் வீட்டை விட்டே ஓடிவிடுகிறது.

ஒரு கிறிஸ்துமஸ் சமயத்தில் பயங்கரமான பனிப்புயல் வீசுகிறது. வழி தெரியவில்லை. "இந்த ஆண்டு பண்டிகை இல்லை" என்று சொல்லும் நிலைக்குத் தாத்தா வந்துவிடுகிறார். அப்போதுதான் அந்தச் சிவப்பு மூக்கு அவர் கண்ணில் படுகிறது. வண்டிக்கு முன்னால் ருடால்பைப் பூட்டுகிறார். கேலிக்கு ஆளான மூக்கே வழிகாட்டும் விளக்கு ஆகிறது!

கதை பிறந்த கதை

இந்தக் கதையை எழுதியவர் பெயர் ராபர்ட் மே. சிகாகோ நகரில் மான்ட்கோமரி வார்டு என்ற பெரிய கடையில் விளம்பரம் எழுதும் வேலை பார்த்தார்.

1939-ம் ஆண்டு, கிறிஸ்துமசுக்குக் குழந்தைகளுக்கு இனாமாகக் கொடுக்க ஒரு கதைப் புத்தகம் எழுதும்படி கடைக்காரர்கள் அவரிடம் சொன்னார்கள்.

அப்போது அவர் வீட்டில் பெரும் துயரம். மனைவி புற்றுநோயால் படுத்த படுக்கையாகக் கிடந்தார். வைத்தியச் செலவால் கடன் ஏறியது. கதை எழுதி முடிப்பதற்குள் மனைவி இறந்துவிட்டார். "வேறு யாரிடமாவது கொடுத்துவிடுகிறோம்" என்று மேலதிகாரி சொன்னார். மே சம்மதிக்கவில்லை. தாயை இழந்த 4 வயது மகளுக்குப் படித்துக் காட்டியபடியே கதையை எழுதி முடித்தார்.

அந்த ஆண்டே 24 லட்சம் புத்தகங்கள் வழங்கப்பட்டன. பிறகு 1947-ல் அந்தக் கதையின் உரிமையைக் கடைக்காரர்கள் அவருக்கே கொடுத்துவிட்டார்கள். அவருடைய கடன் தீர்ந்தது.

அவருடைய மைத்துனர் ஜானி மார்க்ஸ் அந்தக் கதையைப் பாட்டாக எழுதினார். 1949-ல் ஜீன் ஆட்ரி பாடிய அந்தப் பாட்டு பட்டிதொட்டி எங்கும் பரவியது. ஜானி மார்க்ஸ் கிறிஸ்தவர் அல்ல, யூதர்!

ஒரு வினாடிக்கு 24 படங்கள்

பாட்டைப் படமாக்க முன்வந்தவர்கள் ஆர்தர் ராங்கின், ஜூல்ஸ் பாஸ் என்ற இரண்டு அமெரிக்கர்கள். ஆனால், பொம்மைகளுக்கு உயிர் கொடுத்தவர்கள் ஜப்பானியர்கள். டோக்கியோ நகரில் ததாஹிதோ மோச்சினாகா என்ற கலைஞரின் குழு அந்த வேலையைச் செய்தது. குரல் கொடுத்தவர்களோ கனடா நாட்டில் பேசினார்கள். ருடால்பின் குழந்தைக் குரல் பில்லி மே ரிச்சர்ட்ஸ் என்ற பெண்மணியின் குரல்.

இது நம் ஊர்ப் பொம்மலாட்டம் போன்றது அல்ல. கயிறு கட்டி ஆட்டுவது இல்லை. பொம்மையின் காலை இம்மி அளவு நகர்த்துவார்கள். ஒரு படம் எடுப்பார்கள். மறுபடி நகர்த்துவார்கள், மறுபடி படம் எடுப்பார்கள். திரையில் ஒரு வினாடி ஓட 24 படங்கள் வேண்டும். ஒரு நிமிஷத்துக்கு 1,440 படங்கள்! எவ்வளவு பொறுமை வேண்டும், பாருங்கள்!

மரம், கம்பி, துணி, தோல் ஆகியவற்றால் பொம்மைகளைச் செய்தார்கள். தாத்தாவின் தாடி, யாக் என்னும் மலைமாட்டின் மயிர்.

1964 டிசம்பர் 6-ந்தேதி படம் முதன்முதலாக டெலிவிஷனில் வந்தது. அன்று முதல் ஓர் ஆண்டுகூடத் தவறியது இல்லை.

படம் எடுத்து முடிந்ததும், கம்பெனியில் வேலை பார்த்த ஒரு பெண் சில பொம்மைகளை வீட்டுக்கு எடுத்துப் போனார். அவற்றில் ருடால்பும் தாத்தாவும் 2020-ல் ஏலத்துக்கு வந்தன. ஏலத் தொகை 3 லட்சத்து 68 ஆயிரம் டாலர்!

குழந்தைகள் கேட்ட நியாயம்

ருடால்ப் படத்தில் ஒரு தீவு வருகிறது. யாருக்கும் வேண்டாத பொம்மைகள் வசிக்கும் தீவு. சதுரச் சக்கரம் வைத்த ரெயில் வண்டி ஒன்று. குதிரைக்குப் பதில் நெருப்புக்கோழி மேல் ஏறிய வீரன் ஒருவன். இப்படிப் பல. "உங்களுக்கும் ஒரு வீடு தேடித் தருகிறோம்" என்று ருடால்ப் வாக்குக் கொடுக்கிறது.

ஆனால் 1964-ல் வந்த படத்தில் அந்த வாக்கு நிறைவேறவே இல்லை. தாத்தா தீவுக்குப் போகாமலே படம் முடிந்துவிட்டது!

கடிதங்கள் வந்து குவிந்தன. "அந்தப் பொம்மைகளை ஏன் கைவிட்டீர்கள்?" என்று கேட்டார்கள். மறு ஆண்டு புதிய காட்சி ஒன்று சேர்க்கப்பட்டது. தாத்தாவின் வண்டி அந்தத் தீவில் இறங்கிப் பொம்மைகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது.

குழந்தைகள் கண்டுபிடித்தது சாதாரண விஷயம் அல்ல. ருடால்பை எல்லோரும் எப்போது அணைத்துக்கொண்டார்கள்? அதனால் காரியம் ஆக வேண்டியிருந்தபோதுதான்! புயல் வீசாமல் இருந்திருந்தால்? சதுரச் சக்கர வண்டியால் யாருக்கு என்ன பயன்? பயன் இருந்தால்தான் பாசமா?

இந்தக் கேள்விக்குப் பதில் மற்ற இரண்டு பொம்மைப் படங்களில் இருக்கிறது.

நீளக் காது கழுதை

1977-ல் வந்த படத்தின் நாயகன் நெஸ்டர் என்ற கழுதைக் குட்டி. காது தரையில் புரளும் அளவுக்கு நீளம். அதனாலேயே கொட்டகையில் இருந்து பனியில் விரட்டப்படுகிறது. தாய்க் கழுதை பின்னாலேயே ஓடிவந்து, தன் உடம்பால் குட்டியை மூடிக் காப்பாற்றுகிறது. விடிந்தபோது தாய் உயிரோடு இல்லை.

இந்தக் காட்சியில் கண் கலங்காதவர்கள் குறைவு.

அந்த நெஸ்டர்தான் கர்ப்பிணியான மரியாளைப் பெத்லகேமுக்குச் சுமந்து செல்லுகிறது. மணற்புயலில் வழி தவறியபோது, வானத்துக் குரலைக் கேட்டு வழி கண்டது அதன் நீளக் காது! ஆனால் தாய் உயிரைக் கொடுத்தபோது, அந்தக் காதுக்கு ஒரு பயன் உண்டு என்று அவளுக்குத் தெரியாது. பிள்ளை என்ற ஒன்றே அவளுக்குப் போதுமாக இருந்தது.

முரசு கொட்டிய சிறுவன்

மூன்றாவது படம் 1968-ல் வந்தது. காத்தரின் டேவிஸ் என்ற அமெரிக்க அம்மையார் 1941-ல் எழுதிய பாட்டில் இருந்து பிறந்த கதை இது.

ஆரோன் ஓர் அனாதைச் சிறுவன். பெற்றோரைக் கொள்ளைக்காரர்கள் கொன்றுவிட்டார்கள். அதனால் மனிதர் என்றாலே அவனுக்கு வெறுப்பு. அவனுக்குத் துணை ஓர் ஒட்டகம், ஒரு கழுதை, ஓர் ஆட்டுக்குட்டி. சொத்து, பெற்றோர் கொடுத்த சின்ன முரசு ஒன்றுதான்.

பெத்லகேமில் ஒரு ரோமானியனின் ரதம் ஆட்டுக்குட்டி மேல் மோதிவிடுகிறது. குற்றுயிராகக் கிடக்கும் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான் ஆரோன். நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து வந்த ராஜா ஒருவர், "என்னால் ஆகாது, அந்தக் குழந்தையிடம் போ" என்கிறார்.

ராஜாக்கள் பொன்னும் தூபமும் வெள்ளைப்போளமும் வைத்திருக்கிறார்கள். ஆரோனிடம் என்ன இருக்கிறது? முரசைக் கொட்டுகிறான். குழந்தை ஏசுவின் முன்னால் உள்ளம் உருகக் கொட்டுகிறான்.

ஆட்டுக்குட்டி பிழைத்து எழுகிறது. சிறுவன் நெஞ்சில் இருந்த வெறுப்பும் மறைகிறது.

முரசுச் சத்தத்தால் யாருக்கும் எந்தக் காரியமும் ஆகவில்லை. அந்தக் குழந்தைக்கு அது தேவையும் இல்லை. ஆனாலும் அது ஏற்றுக்கொள்ளப்பட்டது.

பண்டிகையின் பொருள்

முரசுச் சிறுவனும் நீளக் காது கழுதையும் பைபிளில் இல்லை. கற்பனைதான். ஆனால் லூக்கா எழுதிய சுவிசேஷம் சொல்லும் செய்திக்கு இவை அந்நியம் அல்ல.

சத்திரத்தில் இடம் கிடைக்காமல், பிறந்த குழந்தையைத் தீவனத் தொட்டியில் கிடத்தினாள் தாய். நற்செய்தி முதலில் யாருக்குப் போனது? அரண்மனைக்கு அல்ல, இரவில் வயல்வெளியில் மந்தை காத்துக்கொண்டிருந்த ஆட்டிடையர்களுக்கு! அவர்கள் உலகத்துக்கு என்ன பயன் செய்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

கடவுளே ஏழைக் குழந்தையாக வந்தார் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. தகுதி பார்த்து அவர் வரவில்லை. அன்பினால் வந்தார் என்பதே அந்தப் பண்டிகையின் உட்பொருள். புத்தாடையும் பலகாரமும் பரிசுப் பொட்டலமும் அதற்குப் பிறகுதான்.

வேண்டாத பொம்மைகளுக்காகக் கடிதம் எழுதியவர்கள் வேதம் கற்ற பண்டிதர்கள் அல்ல. ஆனாலும் இந்த உண்மை அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அன்று சத்திரத்தில் இடம் இல்லை என்றார்கள். தொழுவத்தில் எல்லோருக்கும் இடம் இருந்தது.