கடையில் பாட்டுப் போட யாரிடம் அனுமதி வாங்குவது?

திரைப்பாட்டு ஒன்றில் சட்டம் மூன்று பொருள்களைப் பார்க்கிறது: வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் மூன்றுக்கும் தனித்தனி உரிமையும் தனித்தனி ஆயுளும் தருகிறது. (நாளிதழ்கள் இதைக் காப்புரிமை என்று எழுதிப் பழகிவிட்டன, அந்தச் சொல் பேட்டன்ட்டுக்கும் புழங்குவதால் இங்கே பதிப்புரிமை.) வரிக்கும் மெட்டுக்கும், ஆக்கியவர் மறைந்த ஆண்டு முடிந்தபின் 60 ஆண்டுகள். ஒலிப்பதிவுக்கு, அது வெளியான ஆண்டு முடிந்தபின் 60 ஆண்டுகள்.

‘கப்பலோட்டிய தமிழன்’ படத்துப் பாரதி பாடல்களை எடுத்துக்கொண்டால் கணக்கு விளங்கும். பாரதி 1921இல் மறைந்தார். அவர் எழுத்தின் உரிமையை அரசே வாங்கி எப்போதோ எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டது. படம் வந்தது 1961இல். ஆகவே ஒலிப்பதிவின் உரிமை 2021 முடிவில் தீர்ந்தது. மெட்டமைத்த ஜி. ராமநாதன் 1963இல் காலமானார். மெட்டின் உரிமை 2023 முடிவு வரை நீடித்தது. 2022இல் அந்தப் பாட்டைக் கடையில் ஒலிக்கவிட்டவருக்கு வரியில் தடையில்லை, பதிவில் தடையில்லை, மெட்டு ஒன்றுதான் குறுக்கே நின்றது.

உணவகம், துணிக்கடை, சலூன், ஜிம் என்று எங்கே வாடிக்கையாளர் காதில் பாட்டு விழுந்தாலும் அது ‘பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தல்’ என்ற கணக்கில் வரும். மாதச் சந்தா கட்டிய ஆப் கைப்பேசியில் இருக்கிறதே என்ற வாதம் எடுபடாது. அந்தச் சந்தா தனிமனிதர் கேட்பதற்கானது. கடையில் போடக் கூடாது என்று அதன் நிபந்தனைகளிலேயே இருக்கும். கேசட் காலத்திலும் இதுதான் நிலை. கேசட்டைக் காசு கொடுத்து வாங்கியவருக்குக் கேசட் சொந்தம், பாட்டு சொந்தமல்ல.

சரி, யாரிடம் லைசென்ஸ் வாங்குவது? இங்கேதான் கடைக்காரர் தலையைச் சொறிய வேண்டியிருக்கிறது. வரிக்கும் மெட்டுக்கும் 1969இல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் இருக்கிறது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் இதன் வழியே ராயல்டி பெறுகிறார்கள். 1977இல் உச்ச நீதிமன்றம், படத்துக்காகக் கூலி வாங்கிக்கொண்டு இசையமைத்தால் உரிமை தயாரிப்பாளருக்கே என்று சொல்லிவிட்டது. 35 ஆண்டுகள் கழித்து, 2012இல் வந்த திருத்தம்தான் நிலைமையை மாற்றியது. திரையரங்கில் படத்தோடு ஓடுவது தவிர மற்ற எந்தப் பயன்பாட்டுக்கும் ராயல்டியில் சரிபாதி எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் சேர வேண்டும்; அதைத் தயாரிப்பாளருக்கு அவர்களே எழுதிக் கொடுத்தாலும் செல்லாது.

ஒலிப்பதிவுக்கு ஆள் அதிகம். பி.பி.எல்., நோவெக்ஸ் போன்ற நிறுவனங்கள் கேசட் கம்பெனிகளின் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு வசூலிக்கின்றன. பதிவுபெற்ற பதிப்புரிமைச் சங்கமாக இல்லாமல் இவை லைசென்ஸ் தரலாமா என்பதில் நீதிமன்றங்களே ஒத்துப்போகவில்லை. கூடாது என்றது 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம். உரிமையாளர் என்ற முறையில் தரலாம் என்றது 2024 ஜனவரியில் பம்பாய். 2025 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் சென்னையின் பக்கம் சாய்ந்து, பதிவுபெற்ற ஆர்.எம்.பி.எல். சங்கத்தின் கட்டணப்படி பணம் கட்டச் சொன்னது. அந்தக் கட்டண உத்தரவைச் சில நாட்களிலேயே உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. மேசைக்கு நோட்டீஸ் வந்தால் ‘எந்தப் பாட்டுகளின் உரிமை உங்களிடம் இருக்கிறது, பட்டியல் தாருங்கள்’ என்று எழுதிக் கேட்பது கடைக்காரரின் நியாயமான முதல் வேலை. நோட்டீஸைக் குப்பையில் போடுவது ஆபத்து. தெரிந்தே மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம் என்கிறது 63ஆம் பிரிவு. இது ஜாமீனில் விட முடியாத குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

கல்யாண வீட்டுக்கு விலக்கு உண்டு. உண்மையான மதச் சடங்கில் ஒலிக்கும் இசை மீறலாகாது. மாப்பிள்ளை ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய மற்ற விழாக்களும் அதில் அடங்கும் என்று 52ஆம் பிரிவின் விளக்கமே சொல்கிறது. வரவேற்பு மேடையின் மெல்லிசைக் கச்சேரியும் இதற்குள் வரும் என்றே படிக்கத் தோன்றும். 2023 ஜூலையில் மத்திய அரசு இதை நினைவூட்டி அறிவிப்பு வெளியிட்டது. ஆனால் இதே பொருளில் கோவா அரசு போட்ட சுற்றறிக்கையைப் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு 2024இல் ரத்து செய்தது: எது விலக்கு என்பதை வழக்குக்கு வழக்கு நீதிமன்றம் பார்க்கும், அரசாணையால் விரிக்க முடியாது என்று.

இணையத்தில் வேறு பாதை. வீடியோவோடு பாட்டைச் சேர்ப்பதற்கு வரி, மெட்டு, பதிவு ஆகிய அனைத்தின் உரிமையாளரிடமும் அனுமதி வேண்டும். ‘பத்து நொடிதான் போட்டேன்’, ‘இசையமைப்பாளர் பெயரைப் போட்டிருக்கிறேன்’ என்பவை சட்டத்தில் இல்லாத சமாதானங்கள். இன்ஸ்டாகிராமில் தனிநபர் ரீல்ஸுக்குக் கிடைக்கும் பாட்டு, கடையின் வணிகக் கணக்கில் பல நேரம் கிடைக்காமல் போவதற்கும் காரணம் இதுதான்: அந்த நிறுவனம் வாங்கிய உரிமம் விளம்பரத்துக்கானதல்ல.

யூடியூபில் ‘காப்பிரைட் அடிச்சிட்டாங்க’ என்று பொதுவாகப் புலம்புவதில் இரண்டு வேறு சங்கதிகள் கலந்திருக்கின்றன. ஒன்று கிளெய்ம். 2007 முதல் இயங்கும் கன்டென்ட் ஐடி, உரிமையாளர் கொடுத்துவைத்த ஒலியோடு ஒவ்வொரு வீடியோவையும் ஒப்பிடுகிறது. பொருந்தினால் உரிமையாளர் வீடியோவை முடக்கலாம், விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்ளலாம், சும்மா கண்காணிக்கலாம். சேனலுக்குச் சேதமில்லை. மற்றது ஸ்ட்ரைக்: உரிமையாளர் முறைப்படி புகார் எழுதி வீடியோவை நீக்கவைப்பது. 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும்.

இயந்திரம் தடுமாறுவதும் உண்டு. 1847இல் மறைந்த தியாகராஜரின் கீர்த்தனை யாருக்கும் சொந்தமல்ல. ஆனால் ஒருவர் வீட்டுக் கூடத்தில் தானே வீணையில் வாசித்துப் பதிவேற்றியதை ஏதோ ஒரு கம்பெனியின் பழைய பதிவு என்று அது பிடிக்கக்கூடும். அப்போது கிளெய்மை மறுத்து, கீர்த்தனை பொதுச்சொத்து, வாசிப்பு தன்னுடையது என்று எழுத வேண்டும். பதில் சொல்ல எதிர்த்தரப்புக்கு 30 நாள் கெடு. அதற்குள் வாய் திறக்காவிட்டால் கிளெய்ம் தானாக விலகிவிடும்.