இராமனின் பெயர் தாங்கிய தாடை எலும்பு

அல் கோபார்: இந்நகரம் அமைந்துள்ள சவூதி அரேபியக் கிழக்கு மாகாணத்தின் அத் தப்தியா என்னுமிடத்தில் கிடைத்த மேல்தாடைத் துண்டொன்று 1978ஆம் ஆண்டு அறிஞர் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 1 கோடியே 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த வாலில்லாக் குரங்கினது எலும்பு அது. ‘ஹீலியோபிதிக்கஸ்’ என்னும் தனிப்பெயர் அதற்கு 1987இலேயே சூட்டப்பட்டது. இத்தகைய துண்டு எலும்புக்கு விரைந்து உறவுமுறை கற்பித்தால் நேரக்கூடியது யாது என்பதை, இந்திய மண்ணில் கிடைத்த இன்னொரு தாடையின் வரலாறு உணர்த்துகின்றது.

1932ஆம் ஆண்டு, இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகளில், இன்றைய இமாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த ஹரித்தல்யாங்கர் என்னுமிடத்தில், அமெரிக்க யேல் பல்கலைக்கழக மாணவர் எட்வர்ட் லூயிஸ் ஒரு மேல்தாடைத் துண்டைக் கண்டெடுத்தார். 1934இல் அதற்கு ‘ராமாபிதிக்கஸ்’, அதாவது இராமனின் குரங்கு, எனப் பெயரிட்டார். அதன் குறுகிய முகம் மனிதச் சாயலுடையது என்பது அவர் கருத்து.

1961இல் எல்வின் சைமன்ஸ் என்பார் இக்கருத்துக்குப் புத்துயிர் அளித்தார். பின்னர் டேவிட் பில்பீமும் அவருடன் இணைந்தார். கிடைத்ததோ தாடையின் ஒரு பக்கமே. மறுபக்கத்தை ஊகித்துப் பொருத்தியபோது, மனிதத் தாடை போன்ற வளைவு தோன்றிற்று. ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மனித மூதாதை இதுவே என உலகெங்கும் கற்பிக்கப்பட்டது.

முதல் மறுப்பு ஆய்வுகூடத்திலிருந்து வந்தது. 1967இல் கலிபோர்னியாவின் வின்சென்ட் சாரிச், அலன் வில்சன் ஆகியோர் இரத்தப் புரதங்களை ஒப்பிட்டு, மனிதனும் ஆபிரிக்க வாலில்லாக் குரங்குகளும் பிரிந்து சுமார் 50 இலட்சம் ஆண்டுகளே ஆயின என்றனர். எலும்பாய்வாளர் பலர் இதனை ஏற்கவில்லை.

1976இல் பாகிஸ்தானின் பொத்வார் மேட்டுநிலத்தில் பில்பீமின் குழுவினர் முழுமையான கீழ்த்தாடை ஒன்றைக் கண்டனர். அதில் மனித வளைவு இல்லை. அங்கு பின்னர் கிடைத்து 1982இல் விவரிக்கப்பட்ட முக எலும்பு, இன்று சுமாத்திராவிலும் போர்னியோவிலும் வாழும் உராங்குட்டானை ஒத்திருந்தது. அது 1910இல் பெயரிடப்பட்ட ‘சிவாபிதிக்கஸ்’ இனத்தைச் சார்ந்தது. ராமாபிதிக்கஸ் எனப்பட்ட சிறிய தாடைகளும் அவ்வினத்தினவே, பெரும்பாலும் பெண் விலங்குகளுடையவை, என்பது தெளிவாயிற்று. முந்திய பெயரே நிலைக்கும் என்னும் அறிவியல் விதிப்படி இராமனின் குரங்கு சிவனின் குரங்கில் அடங்கிற்று.

தாம் பல்லாண்டு காலம் நிலைநாட்ட முயன்ற கொள்கையைப் பில்பீம் தாமே கைவிட்டமை போற்றத்தக்கது. எனினும் இந்தியப் பள்ளி உயிரியல் நூல்களில் ‘மனிதச் சாயல் மிக்க’ ராமாபிதிக்கஸ் நீண்டகாலம் நீடித்தது. வளைகுடாவில் இந்தியப் பாடத்திட்டத்தில் பயிலும் நம் பிள்ளைகள் அப்பெயரைப் படிக்க நேரின், பெற்றோர் இத்திருத்தத்தையும் சேர்த்தே எடுத்துரைத்தல் வேண்டும். பாதித் தாடையைக் கொண்டு முழு வமிசாவளி எழுதியதன் விளைவு அது.