உங்களுக்குத் தெரியுமா? பழைய சைக்கிளும் புது சைக்கிளும்

● 1949-இல் சென்னையில் டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கிய முருகப்பா குடும்பத்துக்குப் பூர்வீகம் காரைக்குடிக்குப் பக்கத்துப் பள்ளத்தூர். ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகள் அந்த நிறுவனத்தினுடையவை.

● பழைய கம்பி பிரேக்கில் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கும். மழையில் நனைந்துவிட்டால் வண்டி லேசில் நிற்காது. அதனால் அந்த வண்டிக்காரர்கள் கை வலிக்க அழுத்தியே பழகியவர்கள். புது வண்டியின் ஒயர் பிரேக் ரிம்மை இருபக்கமும் கவ்வுகிறது. அதையும் அதே பலத்தோடு அழுத்தினால் முன்சக்கரம் அங்கேயே நின்றுவிடும், ஆள் ஹேண்டில்பாருக்கு மேல் போய்விடுவார். நம் ஊர் வண்டிகளில் பொதுவாக வலக்கைதான் முன்பிரேக். வீட்டுப் பெரியவருக்குப் புது சைக்கிள் வாங்கித் தருகிறவர்கள் முதலில் இதைச் சொல்லிக் கொடுங்கள். காலி மைதானத்தில் இரண்டு கையாலும் மெதுவாகப் பிடித்துப் பழகட்டும்.

● காரைக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் 1991-இல் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. அப்போது ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காததால் பெண்கள் பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். பழகியபின் சிலர் அதையே விரும்பினார்கள், பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்பதால்! மாவட்டத்தில் லட்சம் பெண்களுக்கு மேல் ஓட்டக் கற்றார்கள். பொருந்தாத வண்டி என்று ஒதுக்காமல் அதைத் தங்களுக்கு ஏற்றதாக்கிக்கொண்ட அந்தப் பெண்களை எத்தனை முறை பாராட்டினாலும் தகும்.

● குரங்குப் பெடல் போட்டு ஓட்டிய கால்களுக்கு கியர் புதுசு. மேடு வந்தபின் முக்கி மிதித்துக்கொண்டே கியரை மாற்றினால் சங்கிலி கடகடக்கும், சில நேரம் கழன்றும் விடும். மேட்டுக்கு முன்பே, மிதியைத் தளர்த்தி, ஆனால் மிதிப்பதை நிறுத்தாமல் மாற்ற வேண்டும். காரைக்குடிச் சமதரையில் கியர் எதற்கு என்பவர்கள் ஆடிக் காற்றை எதிர்த்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

● சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு காலையும் தரையில் ஊன்றுவது நமக்குப் பழக்கம். முழங்காலுக்கு அது ஆகாது. பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நீளவேண்டும். சீட் உயரம் அதுதான். நிற்கும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கிக்கொள்ளலாம்.

● அமெரிக்கப் பொறியாளர் டெஸ்டின் சாண்ட்லினுக்கு, ஹேண்டிலை வலப்பக்கம் திருப்பினால் சக்கரம் இடப்பக்கம் போகும் ஒரு சைக்கிளை ஓட்டிப் பழக எட்டு மாதம் ஆனது. அவருடைய சின்ன மகனுக்கு இரண்டே வாரம். 2015-இல் அதை வீடியோவாக வெளியிட்டார். அதற்குள் சாதாரண சைக்கிள் அவருக்கு மறந்தே போயிருந்தது. அது திரும்பி வர சுமார் இருபது நிமிடம் பிடித்தது.

● இடது பெடலின் மரை தலைகீழ். மற்ற திருகுகளைப்போல நினைத்துத் திருப்பினால் இன்னும் இறுகும். கழற்ற வேண்டுமானால் கடிகார முள் சுற்றும் திசையில் திருப்புங்கள்.