ஒட்டுப்பலகையும் இரு நாடுகளும்

கொல்லிமலைக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்காகவும் மிளகுக்கொடி படர்வதற்காகவும் வளர்க்கப்படும் சில்வர் ஓக் மரம், வெட்டியபின் ஒட்டுப்பலகை ஆலைக்கும் செல்கிறது. அம்மரத்தின் பயனை இரு நாடுகளின் இறக்குமதி விளக்கும்.

அயல்நாட்டு உருட்டுமரத்தால் பலகை செய்துவந்தது ஜப்பான். 1985இல் இந்தோனேசியா உருட்டுமர ஏற்றுமதியைத் தடுத்ததும், அங்கிருந்து ஆயத்தப் பலகையையே மிகுதியாக வாங்கலாயிற்று. 2000க்குப் பின்னர்த் தன் சுகி மரத்தை நாடிற்று.

2014இல் மியன்மார் அவ்வாறே தடுத்தது. இந்தியாவோ பெரும்பாலும் மேலே ஒட்டும் மெல்லிய தகட்டையே வாங்கிற்று. காரணம் யாது? உள்ளடுக்குக்குரிய பாப்லரும் தைலமரமும் சில்வர் ஓக்கும் நம் உழவர் நிலத்திலேயே விளைகின்றன.

உழவனுக்கு உரிய விலை கிடைத்தாலன்றோ மீண்டும் மரம் நடுவான்? நடாவிடின், முழுப்பலகைக்கும் பிறநாட்டையே நாம் எதிர்பார்க்க நேரும்.