விதை உறக்கம்

இசுரேல் நாட்டின் மசாடா கோட்டையில் 1960களில் நடைபெற்ற அகழாய்வில் பேரீச்ச விதைகள் சில கிடைத்தன. ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையுடைய அவ்விதைகளுள் மூன்றினை 2005ஆம் ஆண்டு ஊன்றிப் பார்த்தனர். ஒன்று முளைத்தது. இச்செய்தியைக் கேட்டு வியப்பவர், பலாக்கொட்டை ஒன்றை எடுத்துச் சன்னலோரத்தில் ஓரிரு மாதம் காயவிட்டு, பின்பு ஊன்றிப் பார்க்கலாம். அது முளைக்காது. இரண்டாயிரம் ஆண்டு காத்திருந்ததும் விதைதான். இரண்டு மாதம் தாங்காததும் விதைதான். இந்த வேறுபாட்டை அறியாமல் வெப்பமண்டல மரங்களை விதையிலிருந்து வளர்க்க முற்படுவோர், நல்ல விதைகளைத் தம் கையாலேயே கொன்றுவிடுகின்றனர்.

காயக் கூடாத விதைகள்

நெல்லையும் கத்தரியையும் அவரையையும் விதைக்காக எடுத்துவைக்கும் உழவர், முதலில் அவற்றைக் காயவைப்பர். ஈரம் வற்ற வற்ற விதையின் உயிர்ச்செயல்கள் மெல்ல அடங்கும், வாழ்நாள் நீளும். இது பல்லாயிரம் ஆண்டு வேளாண்மை கற்றுத் தந்த பாடம். ஆனால், இப்பாடம் எல்லா விதைக்கும் பொருந்தாது. மழைக்காடுகளில் வளரும் மரங்கள் பலவற்றின் விதைகள், தாய்மரத்திலிருந்து விழும்போதே நிறைந்த ஈரத்துடன் விழுகின்றன. மண் எப்போதும் நனைந்திருக்கும் காட்டில் அவை காத்திருக்க வேண்டிய தேவையில்லை. விழுந்த சில நாள்களிலேயே முளைவேரை நீட்டிவிடும். அத்தகைய விதையை உலர்த்தினால் முளைசூலின் உயிரணுக்கள் சிதைந்து, விதை இறந்துவிடும். பின்னர் எவ்வளவு நீர் ஊற்றினாலும் அது மீளாது.

உலர்த்துவதைத் தாங்கும் விதைகள், தாங்காத விதைகள் என்று இவற்றை இருவகைப்படுத்திக் காட்டியவர் ஆங்கிலேய அறிஞர் ராபர்ட்ஸ். 1973ஆம் ஆண்டு வெளிவந்த அவ்வகைப்பாட்டிற்குப் பின்னரே விதை வங்கிகள் தம் எல்லையை நன்கு உணர்ந்தன. நார்வே நாட்டின் சுவால்பார்டு தீவுக்கூட்டத்தில் 2008ஆம் ஆண்டு திறக்கப்பட்ட உலக விதைப் பெட்டகம், உலர்த்திய விதைகளை உறைநிலைக்குக் கீழே 18 பாகை செல்சியசு குளிரில் காக்கிறது. அங்கே நெல்லுக்கும் கோதுமைக்கும் இடமுண்டு. மாவுக்கும் பலாவுக்கும் நாவலுக்கும் இடமில்லை. இம்மரங்களின் விதைகளைப் பெட்டியில் பூட்டிவைக்க முடியாது. மரத்தை மரமாகவே வளர்த்துக் காப்பதைத் தவிர எளிய வழி வேறில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய வெள்ளைக் குங்கிலிய மரம் இவ்வினத்தைச் சேர்ந்தது. தென்மேற்குப் பருவமழை இறங்கும் நாள்களில் அதன் காய்கள் உதிரும். பொறுக்கிய சில நாள்களுக்குள் ஊன்றினால் பெரும்பாலானவை முளைக்கும்; சில வாரம் கடந்தால் எதுவும் முளைக்காது. எனவே, இத்தகைய விதை கைக்கு வருவதற்கு முன்பே தொட்டி, மண், நிழல் ஆகிய மூன்றும் அணியமாக இருத்தல் வேண்டும். விதையைத் தொலைவிலிருந்து கொண்டுவர நேரின், நனைத்துப் பிழிந்த தேங்காய் நார்த்துகளில் பொதிந்து, காற்றுப் புகும்படி சிறு துளைகள் இட்ட பையில் கொணரலாம். குளிர்பதனப் பெட்டியில் வைப்பது கூடாது. வெப்பமண்டல விதைகள் பலவற்றை அந்தக் குளிரே கொன்றுவிடும்.

விதை நல்லதா என்று அறிய நீரிலிட்டுப் பார்க்கும் வழக்கம் உண்டு. மூழ்குவது நல்லது, மிதப்பது பதர் என்பர். நெல்லுக்கு இது சரி. தேங்காய்க்கு இவ்விதியைப் பொருத்தினால் உலகிலுள்ள தென்னை எல்லாம் பதரிலிருந்து முளைத்தவை என்றாகிவிடும்! காற்றறை உள்ள விதைகளும் நார்க்கூடு உள்ள விதைகளும் உயிரோடிருந்தும் மிதக்கும்.

உறங்கும் விதைகள்

உயிர் இருந்தும், ஈரமும் வெப்பமும் கிடைத்தும் முளைக்காமல் கிடக்கும் நிலையை விதை உறக்கம் என்பர். உறக்கத்திற்குக் காரணம் ஒன்றன்று. கொன்றையின் விதையுறை நீரை உட்புகவிடாத அளவுக்கு இறுகியது. அதனை உப்புத்தாளில் ஒரு புறம் சற்றே தேய்த்து, இரவு முழுதும் நீரில் ஊறவைத்தால், காலையில் விதை உப்பியிருப்பதைக் காணலாம். உப்பாத விதையை மீண்டும் தேய்க்க வேண்டும். தேய்க்கும்போது முளைசூல் அமைந்துள்ள தழும்புப் பக்கத்தைத் தவிர்க்க வேண்டும். குன்றிமணிக்கும் இறுகிய உறை உண்டு என்றாலும் வீட்டில் அதனைத் தேய்த்துப் பார்த்தல் ஆகாது. அதன் பருப்பு கொடிய நஞ்சு. அந்த நஞ்சை அடைத்து வைத்திருப்பது அவ்வுறையே.

தடித்த ஓட்டைப் பற்றிய கதை ஒன்று உலகெங்கும் பரவியது. மொரீசியசுத் தீவில் மட்டுமே வளரும் தம்பலாக்கோக்கு என்னும் மரம் அருகிவந்தது. அமெரிக்க அறிஞர் ஸ்டான்லி டெம்பிள், 1977ஆம் ஆண்டு இதற்கு ஒரு காரணம் கூறினார். பதினேழாம் நூற்றாண்டில் அழிந்துபோன டோடோ பறவையின் அரைப்பையில் உராய்ந்து வெளிவந்தால்தான் அக்கொட்டை முளைக்கும். பறவை அழிந்ததால் மரமும் அழிகிறது என்பது அவர் கருத்து. வான்கோழிகளுக்கு 17 கொட்டைகளை ஊட்டினார். ஏழு நொறுங்கின, எஞ்சிய பத்தில் மூன்று முளைத்தன. கதை பாடநூல்களிலும் இடம்பெற்றது. ஆயின், உராய்வில்லாமலும் அக்கொட்டை முளைத்துள்ளது என்பதையும், டோடோ அழிந்த பின்னர்த் தோன்றிய மரங்களும் தீவில் உள்ளன என்பதையும் பிற அறிஞர் எடுத்துக்காட்டினர். டெம்பிள் உராயாத கொட்டைகளை ஒப்பீட்டிற்காக ஊன்றிப் பார்க்கவில்லை என்பதே பெருங்குறை. வீட்டில் பத்து விதைகளைத் தேய்த்து ஊன்றுபவரும், தேய்க்காத பத்தினைப் பக்கத்திலேயே ஊன்றி வைத்தால்தான் தேய்த்ததன் பயனை அறிய இயலும்.

பனங்கிழங்கு கற்பிக்கும் பாடம்

பனையினத்து விதைகளின் முளைப்பு தனித்தன்மை வாய்ந்தது. அதனைத் தமிழர் ஏட்டில் படித்தறிய வேண்டியதில்லை. பனங்கொட்டையை மேட்டுப்பாத்தியில் பரப்பினால், கொட்டையிலிருந்து குழல் போன்ற ஓர் உறுப்பு வெளிவந்து மண்ணுக்குள் நேரே கீழிறங்குகிறது. அதன் நுனியில்தான் முளைசூல் இருக்கிறது. இளஞ்செடி கொட்டைக்கு வெகு கீழே உருவாகி, அங்கிருந்து மேல்நோக்கி வருகிறது. இடையில் கிடைப்பதே பனங்கிழங்கு. கொட்டைக்குள் தங்கிவிடும் வித்திலையின் பகுதி பஞ்சுபோல் பெருகி, உணவை உறிஞ்சிக் கீழே அனுப்புகிறது. கொட்டையைப் பிளந்து சிறுவர் தின்னும் தவுண் அதுதான். முளைத்த தேங்காய்க்குள் காணப்படும் பூவும் அத்தகையதே.

சீதாளப்பனை எனப்படும் தாளிப்பனையும் இவ்வாறே முளைக்கிறது. ஓலைச்சுவடிகளுக்கு அகன்ற ஏடு தந்த இம்மரம், ஏறத்தாழ 30 முதல் 80 ஆண்டுவரை வளர்ந்து, வாழ்நாளில் ஒரே முறை பூத்துக் காய்த்து மடிகிறது. உச்சியில் விரியும் அதன் பூங்கொத்து, செடியினம் அனைத்திலும் மிகப் பெரியது. ஒரு மரம் பூக்கும்போது அதன் விதைகளைச் சேர்க்கத் தவறினால், அம்மரத்திலிருந்து மறுமுறை பெற வழியே இல்லை. அதனை வளர்க்க விரும்புவோர் செய்யும் பெரும்பிழை, அகலமான ஆழமற்ற தொட்டியில் ஊன்றுவதாகும். கீழிறங்கும் குழல் தொட்டியின் அடியில் முட்டி வளைந்தால் செடி நலிவுறும். முழ ஆழத்திற்குக் குறையாத பையோ குழாய்த்துண்டோ வேண்டும். 15 கிலோவிற்கும் மேல் எடை கொள்ளும் சீசெல்சுத் தீவுகளின் இரட்டைத் தேங்காய்க்கு இந்தக் குழல் சில மீட்டர் நீள்வதும் உண்டு. அதனைத் தொட்டியில் வளர்க்கும் ஆசையைத் தொடக்கத்திலேயே கைவிடுதல் நன்று.

துணை தேடும் நாற்று

சந்தன விதை உலர்த்துவதைத் தாங்கும். கருமை கலந்த ஊதா நிறக் கனிகளைப் பறவைகள் உண்டு விதைகளைப் பரப்புகின்றன. கனியின் சதையை நீரில் கசக்கி அகற்றி, விதையை நிழலில் உலர்த்துவர். ஏறத்தாழ இரண்டு மாதம் அது உறங்கும். அவ்வுறக்கத்தைக் கலைக்க நாற்றங்கால்களில் ஜிப்பரலிக் அமிலக் கரைசலில் ஓரிரவு ஊறவைக்கின்றனர். முளைப்பதற்கு ஒன்று முதல் மூன்று மாதம் ஆகலாம். இத்தனையும் கடந்து வந்த நாற்று, சில மாதங்கள் பசுமையாக நின்றுவிட்டுத் திடீரென வெளிறி மடிவதுண்டு. நீர் போதவில்லை என்று மேலும் ஊற்றுவர். உரம் போதவில்லை என்று மேலும் இடுவர். உண்மைக் காரணம் வேறு. சந்தனம் அரை ஒட்டுண்ணி. இலையில் உணவு தயாரித்துக்கொண்டாலும், நீரையும் தாது உப்புகளையும் பெரும்பாலும் அண்டைச் செடியின் வேரிலிருந்தே உறிஞ்சுகிறது. தனித்து நிற்கும் சந்தன நாற்று பசித்தே சாகிறது. ஆகவே, நாற்றினைப் பைக்கு மாற்றும்போதே அதனருகில் ஒரு துவரை விதையை ஊன்றுவர். துவரை ஓங்கி வளர்ந்து சந்தனத்தை நிழலில் ஆழ்த்தாதவாறு அவ்வப்போது நுனி கிள்ளிவிடுவர்.

இத்தகைய துணை தேடலின் உச்சம் ஆர்க்கிடு செடிகளில் காணப்படுகிறது. துகள் போன்ற அவற்றின் விதைகளில் சேமித்த உணவு இல்லை. மண்ணிலோ மரப்பட்டையிலோ வாழும் பூஞ்சையே முளைக்கும் விதைக்கு ஊட்டமளிக்கிறது. பிரெஞ்சு அறிஞர் நோயல் பெர்னார்டு இதனை 1899ஆம் ஆண்டு கண்டறிந்தார். பூஞ்சைக்கு மாற்றாகச் சர்க்கரை கலந்த ஊடகத்தில் முளைக்கச் செய்யும் முறையை 1922ஆம் ஆண்டு அமெரிக்காவின் லூயிசு நுட்சன் வெளியிட்டார். அதற்கு நுண்ணுயிர் நீக்கிய கண்ணாடிக் குடுவைகள் வேண்டும். அடுக்களை வேலை அன்று.

வீட்டு நாற்றங்கால்

முளைப்பதற்கு உரம் தேவையில்லை. விதைக்குள்ளேயே உணவு உண்டு. கழுவிய ஆற்றுமணலும் உப்பு நீக்கிய நார்த்துகளும் சம அளவில் கலந்தால் போதும். விதையின் பருமன் எவ்வளவோ அவ்வளவு ஆழத்தில் ஊன்றிப் பூவாளியால் நனைக்க வேண்டும். நனைந்த மண்ணைக் கையில் எடுத்துப் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. முளைத்த நாற்றுகள் அடித்தண்டு கறுத்துச் சாய்ந்து விழுவது நாற்றழுகல் நோயாகும். நெருக்கமாக விதைத்தல், மாலையில் நீரூற்றி இரவெல்லாம் ஈரம் தங்கவிடல், காற்றோட்டமின்மை ஆகியன இப்பூஞ்சை நோய்க்கு இடமளிக்கின்றன. காலையில் நீரூற்றுவதும், டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சையை மண்ணில் கலப்பதும் உதவும். சாய்ந்த நாற்றினைக் காப்பாற்ற முயல்வதைவிட, அகற்றிவிட்டு மற்றவற்றைக் காப்பதே அறிவுடைமை.

விதை எங்கிருந்து வருகிறது என்பதும் கருதத்தக்கது. காப்புக்காடுகளில் வனத்துறையின் இசைவின்றி விதை பொறுக்குதல் குற்றமாகும். சாலையோர மரங்களும் பழைய தோப்புகளும் தாவரவியல் பூங்காக்களும் முறையான வாயில்கள். ஒரே மரத்தின் விதைகளையே எல்லாரும் வளர்த்தால், அவற்றின் வழித்தோன்றல்கள் நெருங்கிய உறவினவாகி வலுவிழக்கும். வேற்று நாட்டு அரிய செடியை வேலிக்கு வெளியே விடுவதும் தீங்கு. அழகுக்காக வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி, இன்று மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் அடித்தளத்தை மூடிக் கிடக்கிறது. இதற்கு மறுதலையாக, செருமனியிலிருந்து வந்த வுல்ஃப்காங் தியூர்காஃப் 1981ஆம் ஆண்டு வயநாட்டில் தொடங்கிய குருகுலத் தாவரச் சரணாலயம், அம்மலைக்கே உரிய அருகிவரும் செடிகளை நாற்றங்காலில் வளர்த்துக் காத்துவருகிறது.

ஒவ்வொரு தொட்டியிலும் மரத்தின் பெயர், விதை விழுந்த நாள், ஊன்றிய நாள், கிடைத்த இடம் ஆகியவற்றைக் கரிக்கோலால் எழுதிய சிறு பட்டையைச் செருக வேண்டும். மையால் எழுதினால் நான்கைந்து மழையில் அழிந்துவிடும். எந்த விதை எத்தனை நாள் உறங்குகிறது என்பதை அப்பட்டையே பின்னர்க் கூறும். குங்கிலிய விதை மூன்று மாதத்தில் முளைக்காவிடில் தொட்டியைக் கவிழ்த்துவிடலாம். சந்தனத்திற்கு மேலும் சில மாதம் பொறுத்தல் வேண்டும். தாளிப்பனைத் தொட்டியையோ ஓராண்டு கடந்தும் கவிழ்த்தலாகாது. மேலே ஒன்றும் தோன்றாத நாள்களிலும் அதன் குழல் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கக் கூடும்.